நீர்த்தேக்கத்தின் நடுவில் ஒரு பயனாளி

மோட்டார்காரருக்கு இணையம் தேவைப்பட்டது அரை நொடிக்குத்தான். ஒரு கையசைவு போய்ச் சேரும் நேரம். இதை அவர் எத்தனையோ முறை எழுதியும் அரசாங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. மற்றவர்கள் ஆயுசுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். அவர்களுக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் நகரத்துக்குத் தண்ணீர் அனுப்புகிறவர். மூன்று மலைகளுக்கு நடுவில் நீர்த்தேக்கம், கரையில் பம்ப் அறை, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு படுக்கையறையும் சமையலறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய வால்வைத் திருப்பி, அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அங்கே இரண்டு ஆபரேட்டர்கள் இருக்க வேண்டும். இன்னொரு இடம் எட்டு வருடமாகக் காலி. விடுப்பு கேட்டால், 'மாற்று ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்' என்று பதில் வரும். மாற்று ஆளாகவும் அவரையே போட்டிருந்தார்கள். அவர் பலமுறை முயன்றும் தன்னிடம் தானே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏற முடியவில்லை.

மோட்டார் ஓடும்போது பம்ப் அறையிலும் வீட்டிலும் காதருகே நின்று கத்தினாலும் கேட்காது. மோட்டார் எப்போதும் ஓடும். ஆகவே கல்யாணமான முதல் மாதமே அவரும் அவர் மனைவியும் வாயை விட்டுவிட்டுக் கையால் பேச ஆரம்பித்தார்கள். யாரும் கற்றுக்கொடுத்த பாஷை இல்லை. உப்புக்கு ஒரு சிட்டிகை, கோபத்துக்கு ஒரு முழங்கை, மழைக்குப் பத்து விரல்கள் என்று தேவைக்குத் தகுந்தாற்போல் உண்டாக்கிக்கொண்டார்கள். மகள் பிறந்தாள். அவளும் கையாலேயே பேசினாள், அதுவும் வாயாடி மாதிரி. அவளுக்குக் காது கேட்காது என்பது மூன்றாவது வயதில், தடுப்பூசி போட வந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. நர்ஸ் மிகவும் துக்கமான முகத்தோடு சொன்னதில் பாதி மோட்டார் சத்தத்தில் அவர்களுக்கும் கேட்கவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. மகள் கடல் கடந்து ஒரு மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்த ஊர்க் கைமொழிக்குப் பள்ளிக்கூடம் உண்டு, அகராதி உண்டு. அதில் பேசுகிற ஒருவனையே கட்டிக்கொண்டாள். இந்த மூன்று மலைகளுக்கு நடுவிலிருந்த மொழியைப் பேச உலகத்தில் மிச்சமிருந்தது அப்பாவும் மகளும்தான். மகளுக்கு அது அவ்வப்போது வந்து போயிற்று. அப்பாவுக்குப் பேச ஆள் இல்லை. வால்வைத் திருப்பிவிட்டுச் சில சமயம் சுவரைப் பார்த்து, 'இன்றைக்கு வெயில் அதிகம்' என்று கையால் சொல்வார். சுவர் மறுத்ததில்லை.

அவரிடம் இருந்தது பட்டன் வைத்த போன். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பதினேழாவது படியில் நின்றால் குறுஞ்செய்தி மட்டும் வரும். ஒருநாள் அப்படி நின்றபோது மகளின் செய்தி வந்தது.

"பொண்ணு பொறந்திருக்காப்பா. அம்மா பேரையே வைக்கப் போறோம். அம்மாவைக் கையில எப்படிக் கூப்பிடுவோம்? மறந்துபோச்சுப்பா."

பேத்தி பிறந்த சந்தோஷமும் இன்னொன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கு முதலில் இடம்விடுவது என்று தெரியவில்லை.

மனைவிக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. அவருக்குத் துணையாக வால்வைத் திருப்பி முடித்ததும் பம்ப் அறையின் வாசலுக்கு வந்து, மணிக்கட்டின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்து, கடைசியில் விரல்களை ஒருமுறை உதறுவாள். அதுவே அவள் பெயராயிற்று. அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. "செஞ்சு பாத்தேன்ப்பா. வேர்வை தொடைக்கிற மாதிரிதான் இருக்கு. அம்மா வரல." தோளைக் கொஞ்சம் இறக்கு, அவசரப்படாதே என்று எழுதினார். "இல்லப்பா. வரல." மூன்றாம் நாள் அவள் எழுதினாள்: "நேர்ல பாத்தாத்தான் வரும். ஒரே ஒரு தடவை வீடியோல வாங்களேன்."

மாதம் ஒருமுறை குளோரினும் அரிசியும் கொண்டுவரும் லாரிக்காரரிடம் கேட்டுப் பார்த்தார்.

"என் போன்ல படம் புடிச்சா எல்லாரும் பேய் மாதிரிதான் விழறாங்கண்ணே. கண்ணாடி ஒடஞ்சு ரெண்டு வருஷமாச்சு," என்றார் லாரிக்காரர். "நீங்க வாரியத்துக்கு எழுதுங்க. வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டுன்னு அடிவாரத்துல போர்டு வச்சிருக்காங்க. போர்டே எவ்வளவு பெருசு தெரியுமா? அதுக்குப் பின்னாலதான் நான் மழைக்கு ஒதுங்கினேன்."

வாரியத்தின் முழுப்பெயர் மாநில அகன்ற அலைவரிசைத் திட்டமிடல் மற்றும் விரிவாக்க வாரியம். அதன் கடிதத்தாளில் 'திட்டமிடல்' பெரிய எழுத்தில் இருக்கும். 'விரிவாக்கம்' தாளின் ஓரம் வரை வந்து இடம் போதாமல் சுருங்கியிருக்கும். நாற்பது நாளில் பதில் வந்தது.

'தங்கள் கடிதம் தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில், வாரியத்தின் வரைபடத்தின்படி தங்கள் இல்லத்தில் அதிவேக இணைய வசதி ஏற்கெனவே உள்ளது. உள்ள வசதியை மீண்டும் வழங்க விதிகளில் இடமில்லை.'

மோட்டார்காரர் அரசாங்கத்தை மதிக்கிறவர். வீடு முழுக்கத் தேடினார். பீரோவை நகர்த்தி அதன் பின்னாலும் பார்த்தார். பிறகு, இல்லை என்று மரியாதையாக எழுதினார். அடுத்த கடிதம் விளக்கமாக வந்தது. ஒரு நிறுவனம் அந்த இடத்துக்கு இணையம் கொடுக்க முடியும் என்று வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. கொடுக்க முடிந்த இடம், கொடுக்கப்பட்ட இடமாகக் கருதப்படும். அவர் நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் ஒரே வரியில் பதில் போட்டது: 'எங்களால் முடியும்; ஆனால் அப்படியொரு எண்ணம் இல்லை.'

அந்தப் பதிலை இணைத்து வாரியத்துக்கு அனுப்பினார். மறுப்பு தெரிவிப்பவர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே வாரியத்தின் இணையதளத்தில் வேகப் பரிசோதனை செய்து முடிவை அனுப்ப வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். வீட்டில் இணையம் இல்லை என்று எழுதினார். அதற்கும் பதில் வந்தது: 'மாநிலம் முழுவதிலுமிருந்து பரிசோதனை முடிவு அனுப்பிய அனைவரிடமும் இணையம் இருப்பது உறுதியாகியுள்ளது. எனவே இணையம் இல்லை என்ற மறுப்புகள் யாவும் தள்ளுபடி செய்யப்படுகின்றன.'

அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. வேறு யாரும் அவருக்குக் கடிதம் போடுவதில்லை.

அப்படியே கோப்பு கனத்துக்கொண்டே போனதில், ஒரு சர்வேயர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் வாரியத்தின் டேப்லெட், தோளில் ஒரு பை, காலில் புது ஷூ. வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் டேப்லெட்டைப் பார்த்தபடி கரையோரமாக நடந்து, தண்ணீர் விளிம்பில் நின்றார்.

"ஐயா, உங்க வீடு அங்க இருக்கு," என்று நீர்த்தேக்கத்தின் நடுவைக் காட்டினார்.

"இல்லீங்க சார், இதோ இங்க இருக்கே. கதவு தொறந்துதான் இருக்கு."

"கதவு இருக்கலாம். வரைபடத்துல புள்ளி அங்க இருக்கு. புள்ளி மேல நின்னுதான் அளவு எடுக்கணும். இல்லேன்னா பட்டனே வேலை செய்யாது."

"ஆழமுங்க சார்."

"எவ்வளவு ஆழம்?"

"புள்ளி இருக்கற எடத்துல யானை நின்னா தும்பிக்கை தெரியும்."

சர்வேயர் பெருமூச்சு விட்டார். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் சர்வேயரைக் குப்புறப் படுக்கவைத்து, மோட்டார்காரர் கரையிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே வந்தார். நடுவில் போய்ச் சேர்ந்ததும் சர்வேயர் டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பட்டனை அழுத்தினார். திரும்பி வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்து அறிக்கை எழுதினார். இணையம்: இல்லை. வீடு: இல்லை. ஆட்கள்: இல்லை.

"சார், நான் இருக்கேனே."

"நீங்க இருக்கறது எனக்குத் தெரியுது ஐயா. துண்டு குடுத்தீங்க, டீ குடுத்தீங்க. ஆனா அது புள்ளிக்குத் தெரியலையே." அவர் உண்மையாகவே வருந்தினார். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

மோட்டார்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தன் கையை ஒரு தடவை படம் பிடித்து, கீழே போனதும் மகளுக்கு அனுப்ப முடியுமா? சர்வேயரின் சொந்த போன் சட்டைப்பையில் இருந்தது. பை தண்ணீரில் முங்கியிருந்தது. டேப்லெட்டில் வீடியோ எடுக்க ஒரே ஒரு வழி இருந்தது, 'மக்கள் கருத்து' என்ற பட்டன். அதில் எடுத்தார். மோட்டார்காரர் மனைவியின் பெயரைச் சொன்னார். படம் மகளுக்குப் போகவில்லை. டேப்லெட் மலையிறங்கிச் சிக்னல் கிடைத்ததும், பட்டன் அதற்குத் தெரிந்த ஒரே முகவரியான வாரியத்துக்கு அனுப்பியது.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில், அவர் கருத்து பதினோரு முறை பார்க்கப்பட்டதாக இருந்தது. மக்கள் கருத்துத் துணைக்குழுவில் மூன்று பேர் அதை வசை என்றும், இரண்டு பேர் வாழ்த்து என்றும், ஒருவர் கொசு என்றும் கருதியிருந்தார்கள். ஆகவே இணை இயக்குநர் அவர்கள் நேரில் வந்து பொதுமக்கள் கலந்தாய்வுக் கூட்டம் நடத்துவார்.

கூட்டத்துக்கு ஒரு லாரியில் நாற்பது நாற்காலிகள் வந்தன. விதிப்படி குறைந்தது நாற்பது வேண்டும். இணை இயக்குநர் அம்மையார் கண்ணியமானவர். வெயிலிலும் பொத்தான் பூட்டிய கோட்டோடு மைக் முன்னால் நின்றார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் நகரத்துக்குத் தண்ணீர் போகாது என்றார் மோட்டார்காரர். நகரம் வேறு துறை என்றாலும் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்றார் இணை இயக்குநர்.

பொதுமக்கள் எழுந்து நின்றார்.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க."

பொதுமக்கள் உட்கார்ந்தார்.

பேச்சு நாற்பது நிமிடம் நடந்தது. மோட்டார் இரைச்சலில் உதவியாளர்களுக்கே ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் மோட்டார்காரருக்கு உதடு பார்த்துப் படிக்கத் தெரியும். வாரியத்தின் வரலாற்றில் ஓர் உரையை முழுவதும் புரிந்துகொண்ட முதல் குடிமகன் அவர்தான்.

"நாங்க சும்மா இருக்கோம்னு வெளியில பேசிக்கறாங்க. சும்மா இருக்கறதுக்கு இருநூறு பேர் எதுக்கு? ஒருத்தர் போதுமே! நிதியில ரெண்டு வகை இருக்கு. திட்டம் போட ஒண்ணு, கேபிள் போட ஒண்ணு. முதல் நிதி முடிஞ்சாத்தான் ரெண்டாவதைத் தொடலாம். போன வருஷம் முதல் நிதி முடியற நிலைமைக்கே வந்துடுச்சு. எங்களுக்குத் தூக்கமே இல்ல. ராப்பகலா மேலிடத்துக்கு எழுதி, இன்னும் கொஞ்சம் வாங்கி, அந்த ஆபத்தைத் தடுத்தோம். சிலர் கேக்கறாங்க, கேபிளைப் போட்டா என்னன்னு. போட்டா என்ன ஆகும்? எலி கடிக்கும். மழை வரும். அஞ்சு வருஷத்துல பழசாயிடும். எங்க திட்டத்தை இன்னிவரைக்கும் ஒரு எலி கடிச்சிருக்கா?"

உதவியாளர்கள் கைதட்டினார்கள். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு இணை இயக்குநர் இறங்கி வந்து, மோட்டார்காரரைச் சத்தம் குறைந்த கரையோரத்துக்கு அழைத்துப்போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கைய ஆட்டினது எங்களைத் திட்டறதுக்கா?"

"ஐயோ, இல்லீங்க மேடம். அது என் சம்சாரத்தோட பேரு."

"பேரா?"

"ஆமாங்க மேடம். எம்பொண்ணு மறந்துட்டா. ஒருதடவ காட்டணும். அவ்வளவுதான்."

இணை இயக்குநர் ஒரு கணம் அவரையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"இதுல மூணு கட்டம்தான் இருக்கு. நன்றி, புகார், மற்றவை. மற்றவைன்னு போட்டா விளக்கக் குழு அமைக்கணும். புகார்னு போட்டா உங்களுக்கு நல்லதில்ல. நன்றின்னு போட்டுக்கறேன். என்ன?"

"மேடம், உங்க போன்லேர்ந்து ஒரே ஒரு தடவை..."

"இங்க சிக்னலே இல்லையே," என்றார் அவர், வாரியத்தின் இணை இயக்குநர், மிகுந்த அனுதாபத்துடன்.

நன்றி என்ற அந்த ஒரு கட்டத்தில் போட்ட டிக்தான் மோட்டார்காரரின் தலையெழுத்தை மாற்றியது. வருடக் கடைசியில் வாரியம் கணக்கெடுத்தபோது, லட்சக்கணக்கான மக்கள் கருத்துகளில் நன்றி தெரிவித்தவர் ஒருவர்தான் என்று தெரிந்தது. அதுவும் எதையும் பெறுவதற்கு முன்பே தெரிவித்தவர். அவரை மாநிலத்தின் முதன்மைப் பயனாளியாக அறிவித்தார்கள். பம்ப் அறையைத் தாண்டி, மோட்டார் சத்தம் குறைந்த கரையோரத்தில் விழா. வாரியத் தலைவரே வருகிறார். பயனாளி வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பெரிய திரையில் பேசுவார். மகளுக்கும் முறைப்படி தகவல் போய்விட்டது.

கடிதத்தை ஏணியின் பதினேழாவது படிக்கு எடுத்துப்போய்ப் படித்தார். அங்கே படித்தால் மகளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது போலிருந்தது. அதன்பின் தினமும் வால்வைத் திருப்பி முடித்ததும் சுவரெதிரே நின்று பயிற்சி செய்தார். அவருக்கே பயம் வந்திருந்தது. ஐந்து வருடமாகக் கூப்பிடாத பெயர். தன் கையிலும் அது வெறும் வியர்வையாகிவிட்டதோ என்னவோ.

விழாவன்று கூரையில் பெரிய தட்டு வைத்த ஒரு வேன் வந்தது. கேபிள் வரவில்லை. வேன் இருக்கும் வரை இணையம் இருக்கும். திரையை நட்டார்கள். மறுபடியும் நாற்பது நாற்காலிகள், இந்த முறை நாற்பது அதிகாரிகள். வாரியத் தலைவர் ரிப்பன் வெட்டினார். பயனாளியை மேடைக்கு அழைத்து, இடது கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழையும் வலது கையில் மைக்கையும் கொடுத்தார்கள்.

"கெட்டியாப் புடிங்க. அரசு முத்திரை இருக்கு, கீழ வைக்கக் கூடாது," என்று இணை இயக்குநர் காதோடு சொன்னார். "ரெண்டு நிமிஷம்தான். சந்தோஷமா பேசுங்க."

திரையில் மகள் வந்தாள். அவர் நினைத்து வைத்திருந்ததைவிட இளைத்திருந்தாள். மடியில் ஒரு வயதை நெருங்கும் குழந்தை, குளிருக்குத் துணியில் சுற்றியிருந்தது. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மற்றொரு கையால், 'அப்பா' என்றாள். பிறகு, 'தலை முழுக்க வெளுத்துப் போச்சே' என்றாள்.

அவர் பேசுவதற்கு வாயைத் திறந்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் மொழி இரண்டு கைகளிலும் இருந்தது. இரண்டு கைகளையும் அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது.

"மகள் நம்ம வாரியத்துக்கு நன்றி சொல்றாங்க!" என்று வேனிலிருந்து ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல்.

'ஏன் பேச மாட்டேங்கறீங்க?' என்றாள் மகள். 'கோபமா? நான் மறந்துட்டேன்னா?'

அவர் சான்றிதழை யாரிடமாவது கொடுக்கலாமென்று திரும்பினார். நாற்பது பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கையும் காலியாக இல்லை. மைக்கை அக்குளில் இடுக்கப் பார்த்தார். அது அலறியது. வாரியத் தலைவர் புகைப்படத்துக்காக அவர் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினார். திரையின் மூலையில் மிச்சமிருந்த நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. மகள் அழ ஆரம்பித்திருந்தாள். நாற்பது, முப்பத்தொன்பது.

மோட்டார்காரர் இரண்டு கைகளையும் திறந்தார்.

மைக் விழுந்த சத்தம் மூன்று மலைகளிலும் இடித்தது. கண்ணாடி உடைந்தது. அவர் மணிக்கட்டைத் தூக்கி நெற்றியைத் துடைத்து விரல்களை உதறினார்.

படம் தாமதமாகப் போகும் போலிருக்கிறது. நான்கு நொடி மகள் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நான்கு நொடியில் அவர் முழுதாக ஒருமுறை தோற்றுப்போனார். பிறகு அவள் கை மேலே எழுந்தது. துடைத்தாள், உதறினாள். வியர்வைதான். அவர் இன்னொரு முறை, மெதுவாகச் செய்து காட்டினார், வால்வைத் திருப்பி முடித்த தோள்களோடு. அவளும் மெதுவாகச் செய்தாள். முகம் லேசாகச் சாய்ந்தது, மணிக்கட்டு நெற்றியைக் கடந்தது, விரல்கள் விரிந்தன. அம்மா வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் தெரிந்தது. மகள் சிரித்துக்கொண்டே குழந்தையின் கையைத் துணியிலிருந்து வெளியே எடுத்து, அந்தச் சின்ன மணிக்கட்டை அதன் நெற்றியின் மேல்...

திரையில் வாரியத்தின் சின்னம் வந்தது. இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

நாற்பது பேரும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். நிலைமையைக் காப்பாற்றியவர் இணை இயக்குநர்தான்.

"சார், பாத்தீங்களா? கோப்புல இருக்கற அதே நன்றி! உணர்ச்சிவசப்பட்டு எல்லாத்தையும் போட்டுட்டு நன்றி சொல்றார்!"

வாரியத் தலைவரின் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து மணிக்கட்டால் தன் நெற்றியைத் துடைத்து விரல்களை உதறினார். அது மரியாதையென்று எண்ணி நாற்பது பேரும் எழுந்து துடைத்தார்கள். இனி வாரியத்தின் வணக்கம் இதுவே என்று அங்கேயே முடிவு செய்யப்பட்டது.

"மேடம், மறுபடியும் எப்ப வரும்?" என்று மோட்டார்காரர் கேட்டார்.

"எது?"

"இன்டர்நெட்டுங்க."

"உங்களுக்குத்தான் குடுத்தாச்சே!" இணை இயக்குநர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். நீர்த்தேக்கத்தின் நடுவில் அவர் வீடு பச்சை நிறத்தில் மின்னியது. கண்ணாடி உடைந்ததற்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வால்வு திருப்பும் நேரம் வந்திருந்தது. திருப்பிவிட்டு வெளியே வந்தபோது வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. வாரியத் தலைவர் நெற்றியைத் துடைத்து உதறினார். இணை இயக்குநர் துடைத்தார். வேன்காரர்கள் துடைத்தார்கள். புது வணக்கம் என்பதால் சிலர் இரண்டு கையாலும் துடைத்தார்கள். அத்தனையும் வெறும் வியர்வை. மோட்டார்காரர் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

கடைசியாக நின்றது நாற்காலி லாரி. அதன் கூலியாள் விழாவைப் பார்க்கவில்லை. அவருக்கு யாரும் எந்த வணக்கத்தையும் சொல்லவில்லை. நாற்பது நாற்காலிகளையும் ஒற்றை ஆளாய் ஏற்றி, பின்கதவைத் தூக்கிச் சாத்தி, கொக்கியை மாட்டினார். பிறகு தோளைத் தளர்த்தி, முகத்தை லேசாகச் சாய்த்து, மணிக்கட்டின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்து விரல்களை ஒருமுறை உதறினார்.

அந்த ஆள் யாரையும் கூப்பிடவில்லை என்று தெரிந்திருந்தும், மோட்டார்காரர் சட்டென்று திரும்பிப் பம்ப் அறையின் வாசலைப் பார்த்தார்.